நைட் கபடிக்கு ஊரே வருது... காலேஜ் மேட்ச்சுக்கு ஏன் காலி மைதானம்?

பொங்கல் சமயத்தில் திண்டிவனம் - புதுச்சேரி சாலையில் ராத்திரி பைக்கில் போயிருக்கிறீர்களா? கிளியனூர், திருச்சிற்றம்பலம் கூட்ரோடு, இரும்பை, வானூர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் எங்கோ ஒரு ஊரில் ஃபிளட் லைட் எரியும். மைக்கில் ஒருவர் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருப்பார். சவுக்குக் கட்டைகளுக்கு வெளியே நாலு வரிசை ஆட்கள், டிராக்டர் மேல் பத்துப் பேர், மாடி விளிம்பில் பெண்கள், வேப்பமரத்துக் கிளையில் பொடிப்பசங்க. நைட் கபடி! ராத்திரி 2 மணிக்கு செமி ஃபைனல் என்றாலும் ஒருத்தர் நகர மாட்டார்.

அதே பகுதியில் இருந்து படிக்கப் போகும் பசங்களின் கல்லூரி மைதானத்துக்கு ஒரு புதன்கிழமை காலை 11 மணிக்குப் போங்கள். கல்லூரிகளுக்கு இடையேயான போட்டி. கோர்ட்டுக்குள் வீரர்கள், விசிலோடு ஒரு நடுவர், பிளாஸ்டிக் சேரில் பி.டி. சார், ஸ்கோர் எழுத ஒரு ஜூனியர். பார்வையாளர்கள்? பேக் குவியலுக்குக் காவல் இருக்கும் சப்ஸ்டிட்யூட் இரண்டு பேர், மரத்தடியில் ஒரு நாய். அவ்வளவுதான்.

ரெண்டு இடத்திலும் ஆடுவது பல நேரங்களில் அதே பசங்கதான் பாஸ். ஊரில் ஆடும்போது ஆயிரம் பேர் கத்துகிறார்கள். காலேஜ் ஜெர்சியில் ஆடும்போது கைதட்டக்கூட ஆளில்லை. ஏன்?

"இந்த ஜெனரேஷனுக்கு இன்ட்ரஸ்ட் இல்லப்பா!"

கேட்டதும் வரும் முதல் பதில் இது. 'எல்லாம் ரீல்ஸ்ல மூழ்கிட்டாங்க' என்று இரண்டாவது பதிலும் கூடவே வரும். கொஞ்சம் யோசித்தால் இரண்டுமே நிற்காது.

2025 அக்டோபரில் மாரி செல்வராஜின் 'பைசன்' வந்தது. மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவிய கபடி வீரனின் கதை. ரெய்டு காட்சிகளுக்கு தியேட்டரில் விசில் அடித்ததில் பெரும்பாலானவர்கள் கல்லூரி வயதுக்காரர்கள்தான். அதே மாதம் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியின் துணைக் கேப்டன், சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. ஒரு வாரத்துக்கு நம் எல்லோர் ஸ்டேட்டஸிலும் அவர்தான் இருந்தார்.

ஆக, விளையாட்டு பிடிக்கும். கபடி பிடிக்கும். ஜெயித்தவர்களைக் கொண்டாடவும் தெரியும். ஆனால், கப் கைக்கு வந்த பிறகுதான் நமக்கு அவர்கள் கண்ணில் படுகிறார்கள். அதற்கு முன்னால் அவர்கள் ஆடிய நூறு மேட்ச்களில் நாம் எங்கே இருந்தோம் என்பதுதான் கேள்வி. அதற்கான பதில் நம் மனசில் மட்டும் இல்லை. கல்லூரிப் போட்டிகளை நடத்தும் விதத்திலும் இருக்கிறது.

'ஹோம் மேட்ச்'னு ஒண்ணு இருக்கா என்ன?

ஐ.பி.எல்லில் சி.எஸ்.கே-வுக்கு சேப்பாக்கம் ஹோம் கிரவுண்ட். பாதி மேட்ச் இங்கே, பாதி மேட்ச் எதிரணி ஊரில். நம்ம கல்லூரி விளையாட்டில் அப்படிப் பெரும்பாலும் கிடையாது.

விழுப்புரம் மாவட்ட அரசு, தனியார் கலைக் கல்லூரிகள் இப்போது சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர், மயிலாடுதுறை என 4 மாவட்டங்கள். ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஏதாவது ஒரு கல்லூரி போட்டியை ஏற்று நடத்தும். எல்லா அணிகளும் அங்கே போய் இரண்டு, மூன்று நாளில் நாக்-அவுட் முறையில் ஆடி முடித்துவிடும். அதில் நன்றாக ஆடுபவர்கள் பல்கலைக்கழக அணிக்குப் போவார்கள். பிறகு தென்மண்டலப் போட்டி, அப்புறம் அகில இந்தியப் போட்டி.

வீரர்களைத் தேர்வு செய்ய இது சிக்கனமான வழி. ஆனால், பார்வையாளர் என்று ஒருவர் இருப்பதாகவே இந்த முறை நினைக்கவில்லை. திண்டிவனம் அணி சிதம்பரத்தில் ஆடுகிறது என்று வையுங்கள். கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். அணியோடு போவது 12 பேரும் பி.டி. சாரும். முதல் சுற்றில் தோற்றால் மதியமே பஸ் ஏறிவிடுவார்கள். அவர்கள் ஆடினார்கள் என்பதே கல்லூரியில் மற்றவர்களுக்குத் தெரியாது. ஜெயித்தால், கப்போடு முதல்வர் அறையில் எடுத்த போட்டோ டிபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் வரும். நாமும் கைதட்டும் எமோஜி போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம்.

மேட்ச் நம் ஊரில் நடந்தால் மட்டும்? அங்கேதான் ஓ.டி. பிரச்னை. ஆடுபவர்களுக்கு 'ஆன் டியூட்டி' கிடைக்கும். பார்ப்பவர்களுக்கு ஆப்சென்ட்! தேர்வு எழுத 75 சதவிகித அட்டெண்டன்ஸ் வேண்டும் என்ற கணக்கில் ஓடும் பசங்க, கிளாஸ் நேரத்தில் நடக்கும் ஃபைனலை எப்படிப் பார்ப்பார்கள்? கட் அடித்துவிட்டுத்தான் சொந்தக் கல்லூரிக்குக் கைதட்ட வேண்டும் என்றால், அந்த விதியைத்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும்.

இரும்பையில் இருந்து ஒரு நாள்

இரும்பை தெரியும்தானே? திருஞானசம்பந்தர் பாடிய மாகாளேஸ்வரர் கோயில் இருக்கும் ஊர். ஆரோவில்லுக்குப் பக்கம். அங்கிருந்து திண்டிவனம் அ.கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரிக்குப் போகும் ஒரு மாணவியின் நாளை நினைத்துப் பாருங்கள்.

காலையில் வீட்டு வேலையை முடித்து, கூட்ரோட்டுக்கு வந்து, திண்டிவனம் பஸ் பிடிக்க வேண்டும். பஸ்ஸில் மட்டும் முக்கால் மணி நேரத்துக்கு மேல். விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி என்றால் இன்னும் தூரம், பெரும்பாலும் இரண்டு பஸ். கிளாஸ் முடிந்ததும் அடுத்த பஸ்ஸை விட்டால் இருட்டிவிடும். பையன்களில் பலர் மதியத்துக்கு மேல் துணிக்கடை, கேட்டரிங், டெலிவரி என்று வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு ஒரு மேட்ச் என்பது அன்றைய சம்பளம்.

அமெரிக்கப் படங்களில் பார்க்கும் கல்லூரி வாழ்க்கை வேறு. அங்கே பல மாணவர்கள் வளாகத்துக்குள்ளேயோ பக்கத்திலோ தங்குகிறார்கள். சனிக்கிழமை மேட்ச் என்றால் அறையிலிருந்து நடந்து மைதானத்துக்குப் போய்விடலாம். நம்ம அரசுக் கல்லூரி மாணவருக்குக் கல்லூரி என்பது பஸ் நேரத்துக்கு வந்து பஸ் நேரத்துக்குப் போகும் இடம். இலவச பஸ் பாஸும் வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையில்தான். வேறு ஊரில் நடக்கும் மேட்ச்சுக்கு அது உதவாது.

நைட் கபடிக்குக் கூட்டம் வரும் ரகசியமும் இதுதான். அது வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், வேலை முடிந்த பிறகு, திருவிழா லீவில் நடக்கிறது. ஒரு வாரத்துக்கு முன்பே ஃபிளெக்ஸ் வைத்துவிடுகிறார்கள். முதல் பரிசு என்ன, யார் யார் வருகிறார்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்கிறார்கள். யூடியூப் லைவ் வேறு. காலேஜ் மேட்ச்சுக்கு நோட்டீஸ் போர்டில் ஒரு ஏ4 பேப்பர் ஒட்டினாலே பெரிய விஷயம்.

பொண்ணுங்க எங்கே உட்காருவாங்க?

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் எந்த கேலரியும் நிரம்பாது. அரசுக் கலைக் கல்லூரி வகுப்புகளில் எத்தனை பெண்கள் படிக்கிறார்கள் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் மாணவிகளுக்கு 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 'விடியல் பயணம்' இருக்கிறது. கல்லூரி வாசல் வரை வருவதற்கான வழி ஓரளவு திறந்திருக்கிறது.

மைதானத்துக்கான வழி இன்னும் திறக்கவில்லை. நிழல் இல்லை, உட்கார இடம் இல்லை, பக்கத்தில் கழிப்பறை இல்லை. பையன்கள் கூட்டமாக நிற்கும் இடத்தில் தனியாகப் போய் நின்றால் வரும் கமென்ட் வேறு. "மேட்ச் பார்த்தேன்மா, அதான் லேட்" என்று வீட்டில் சொன்னால் நம்புவார்களா? "நீ எதுக்கு அங்க போன?" என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும். ஊர் கபடியில் பெண்கள் மாடியில் நின்றாவது பார்க்கிறார்கள், ஏனென்றால் அது அவர்கள் வீட்டு மாடி. கல்லூரி மைதானத்தில் அப்படி ஒரு மாடி இல்லை.

கூட்டம்னாலே பயம்

நிர்வாகத்தின் பக்கமும் ஒரு பயம் இருக்கிறது. அது முழுக்கப் பொய்யும் இல்லை. சென்னையில் 'பஸ் டே' என்ற பெயரில் நடந்த கொண்டாட்டங்கள் நீதிமன்றம் வரை போய்த் தடைசெய்யப்பட்டன. அப்படியும் 2019 ஜூனில் பஸ் கூரையில் ஏறிய மாணவர்கள் கொத்தாகச் சாலையில் விழுந்த வீடியோவை நாடே பார்த்தது. 'ரூட்டு தல' சண்டைகள் தனிக்கதை. வடமாவட்டங்களில் ஒரு சின்ன உரசல் எப்போது சாதிச் சண்டையாக மாறும் என்ற கவலையும் ஒவ்வொரு முதல்வருக்கும் உண்டு. 'நூறு பேர் கூடினா நூறு பிரச்னை, எதுக்கு வம்பு?' என்று மேட்ச்சைச் சத்தமில்லாமல் நடத்தி முடிப்பது அவர்களுக்கு வசதி.

ஆனால் தமிழ்நாட்டுக் கூட்டத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. 1999 ஜனவரி, சேப்பாக்கம். சச்சின் 136 ரன் அடித்தும் 12 ரன்னில் இந்தியா பாகிஸ்தானிடம் தோற்றது. அரங்கம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது. மைதானத்தைச் சுற்றி ஓடி அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டார்கள் அந்த வீரர்கள். இன்றும் உலகம் அதைப் பேசுகிறது. எதிரணியை மதிக்கும் பழக்கம், மேட்ச் பார்த்துப் பார்த்து வருவது. மேட்ச்சே பார்க்க விடாமல் பூட்டி வைத்தால் அது எங்கிருந்து வரும்?

யாழ்ப்பாணத்தில் எப்படி நிரம்புது?

தமிழ் பேசும் மாணவர்கள் வருஷா வருஷம் ஒரு மைதானத்தை நிரப்பும் இடம் ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாணம். அங்கே சென்ட்ரல் கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையே நடக்கும் கிரிக்கெட் போட்டிக்குப் பெயர் 'வடக்கின் பெருஞ்சமர்'. பெயரில்தான் கல்லூரி, இரண்டும் பள்ளிகள். 1904-ல் தொடங்கியது. போர்க்காலத்தில் சில ஆண்டுகள் நடக்கவில்லை. ஆனாலும் மீண்டு வந்து இன்றும் தொடர்கிறது. வழக்கமாக மார்ச்சில், மூன்று நாள் ஆட்டம். கொடி, கொட்டகை, பேண்டு வாத்தியம் என்று மைதானத்தைச் சுற்றித் திருவிழா. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பழைய மாணவர்கள் இதற்காகவே லீவு போட்டு வருகிறார்கள்.

அங்கே ஆடுபவர்கள் எல்லோரும் சர்வதேச வீரர்கள் இல்லை. கூட்டம் வரக் காரணம் வேறு. எதிரணி மாறாது. ஏறக்குறைய தேதியும் மாறாது. அப்பா பார்த்த மேட்ச்சை மகன் பார்க்கிறான். காலண்டரில் இடம் இருக்கும் மேட்ச்சுக்குத்தான் கூட்டம் வரும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு கதை உண்டு. 1922 ஜனவரி 2 அன்று டெக்சாஸ் ஏ அண்டு எம் அணியில் வரிசையாகக் காயம். பார்வையாளர் பகுதியில் இருந்த கிங் கில் என்ற மாணவரைக் கோச் கீழே அழைத்தார். காயம்பட்டவரின் உடையைப் போட்டுக்கொண்டு, மேட்ச் முடியும்வரை தயாராக நின்றார் கில். களமிறங்கும் தேவை வரவில்லை. ஆனால் இன்றுவரை அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் தங்களை 'பன்னிரண்டாவது ஆள்' என்று சொல்லிக்கொண்டு மேட்ச் முழுக்க நின்றுகொண்டே பார்க்கிறார்கள்.

அதற்காக அங்கே எல்லாம் தானாக நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். சுமார் 1 லட்சம் பேர் அமரும் மைதானம் உள்ள அலபாமா பல்கலைக்கழகத்தில், மாணவர்கள் பாதியிலேயே கிளம்பிவிடுகிறார்கள் என்று கோச் நிக் சேபனே புலம்பினார். 2019-ல் அதற்கு ஓர் ஆப் கொண்டுவந்தார்கள். மேட்ச்சுக்கு வந்தால் 100 புள்ளி, நான்காவது குவார்ட்டர் வரை இருந்தால் மேலும் 250. பெரிய மேட்ச் டிக்கெட்டுக்கு அந்தப் புள்ளிகள் உதவும். போன் எங்கே இருக்கிறது என்று கண்காணிப்பதா என்ற விமர்சனமும் வந்தது. கோடிக்கணக்கில் டாலர் புரளும் இடத்திலேயே மாணவர் கேலரி ஒரு தலைவலி. ஆனால் அவர்கள் அதை ஒரு வேலையாக எடுத்துச் செய்கிறார்கள்.

ஆள் வந்தா என்ன மாறிடும்?

நிறைய மாறும். 2020 மே மாதம், கொரோனாவுக்கு நடுவே ஜெர்மனியின் புண்டஸ்லிகா கால்பந்து காலி மைதானங்களில் மீண்டும் தொடங்கியது. சொந்த ஊர் அணிகளின் வெற்றி விகிதம் குறைந்தது. கத்துவதற்கு ஆள் இருப்பதும் இல்லாததும் ஆட்டத்தின் முடிவு வரை எட்டும் என்பதை அந்த சீசன் காட்டியது.

நம்ம ஊரில் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. முதலமைச்சர் கோப்பை போட்டிகளில் கல்லூரி மாணவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. 2024-ல் எல்லாப் பிரிவுகளுக்கும் சேர்த்து மொத்தப் பரிசுத்தொகை மட்டும் 37 கோடி ரூபாய். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை என்ற கனவும் இருக்கிறது. பணம் வர ஆரம்பித்துவிட்டது. ஆனால் கோப்பை வரை போகாமல் நடுவில் நிற்பவர்கள்தான் அதிகம். குறிப்பாகப் பெண்கள். "இதெல்லாம் எதுக்கு?" என்று வீட்டில் கேட்கும்போது, அவள் ஆடியதைப் பார்த்த ஐம்பது பேர் இருந்தால் பதில் சொல்ல ஆளிருக்கும். யாருமே பார்க்காத விளையாட்டை விட்டுவிடுவது ரொம்ப சுலபம்.

சரி, என்ன பண்ணலாம்?

ஸ்டேடியம் கட்ட வேண்டாம். கோடிகளும் வேண்டாம்.

1. வருஷத்துக்கு ஒரு நிலையான மேட்ச்: திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் 40 கிலோமீட்டர்கூட இல்லை. இரண்டு அரசுக் கல்லூரிகளும் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ். ஒரு வருஷம் அங்கே, ஒரு வருஷம் இங்கே என்று ஆண்கள் கபடி, பெண்கள் கபடி இரண்டையும் ஒரே நாளில் வைக்கலாம். தேதி கல்லூரி காலண்டரிலேயே அச்சாக வேண்டும்.

2. பார்ப்பவர்களுக்கும் ஓ.டி.: வருஷத்தில் ஒரு அரை நாள் போதும். அட்டெண்டன்ஸை மைதானத்திலேயே எடுங்கள். கல்ச்சுரல்ஸுக்கு அரங்கத்தில் உட்கார வைக்கிறோமே, அதே கணக்குதான்.

3. பஸ் நேரத்துக்கு மேட்ச்: கடைசி விசிலுக்கும் ஊர் பஸ்ஸுக்கும் நடுவில் அரை மணி நேரமாவது இருக்கட்டும். வெளியூர் மேட்ச்சுக்கு ஒரே ஒரு பஸ் ஏற்பாடு செய்தால், ஐம்பது பேர் போகலாம்.

4. ஷாமியானா, தண்ணீர், கழிப்பறை: பெண்களுக்கு ஓரமாக நாலு சேர் போதாது. நடுக்கோட்டுக்கு நேராக, நன்றாகத் தெரியும் இடத்தில் வேண்டும். மகளிர் மேட்ச்சையும் முதலில் நடத்தி முடித்துவிடும் 'தொட்டுக்க' ஆட்டமாக வைக்காமல், ஒரு வருஷம் அதையே கடைசி மேட்ச்சாக வையுங்கள்.

5. கோஷத்துக்கு ஒரு விதி: கல்லூரிப் பெயரும் வீரர்களின் பெயரும் மட்டும். நடிகர், கட்சி, சாதி எதுவும் மைதானத்துக்குள் வரக்கூடாது. பொறுப்பை சீனியர் மாணவ, மாணவியரிடமே கொடுங்கள். போலீஸைவிட அவர்கள் சொன்னால் கேட்பார்கள்.

6. போனை வில்லனாக்க வேண்டாம்: நைட் கபடியை லைவ் போடுபவர்கள் நம்ம பசங்கதான். ஸ்கோர் அப்டேட், ரெய்டு கிளிப், வீராங்கனையின் ஊர்ப் பெயரோடு ஒரு போஸ்ட். தன் ஊர்ப் பெயரைப் பார்த்தாலே அடுத்த மேட்ச்சுக்கு அந்த ஊரிலிருந்து பத்துப் பேர் வருவார்கள்.

கடைசியா ஒண்ணு...

காலேஜில் என் பக்கத்து பெஞ்ச் தோழி வாலிபால் டீம். மூன்று வருஷம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம். அவள் காலை ஆறு மணிக்கு பிராக்டீஸுக்கு வருவாள், முட்டியில் எப்போதும் ஒரு பிளாஸ்திரி இருக்கும். கடைசி வருஷம் எங்கள் கல்லூரியிலேயே ஒரு ஃபைனல் நடந்தது. நாங்கள் நாலைந்து பேர் கேன்டீனில் இருந்தோம். மைதானத்துக்கு நடந்தால் மூணு நிமிஷம்.

மறுநாள் கப்போடு கிளாஸுக்கு வந்தாள். நாங்கள் எல்லோரும் எழுந்து கத்தினோம், செல்ஃபி எடுத்தோம். எல்லாம் முடிந்து உட்காரும்போது மெதுவாகக் கேட்டாள். "ஏன்டி, ஒருத்திகூட வரல?"

பஸ், அட்டெண்டன்ஸ், ஷாமியானா என்று இவ்வளவு நேரம் எழுதியதெல்லாம் உண்மைதான். கல்லூரிகள் மாற வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் அன்றைக்கு எனக்கு பஸ்ஸும் தடையாக இல்லை, அட்டெண்டன்ஸும் தடையாக இல்லை. கூப்பிடவில்லையே என்று நான் நினைத்தேன். கூப்பிடாமலேயே வருவோம் என்று அவள் நினைத்தாள்.

உங்கள் கிளாஸிலும் முட்டியில் பிளாஸ்திரியோடு ஒருத்தர் இருப்பார். அடுத்த மேட்ச் எப்போ, எங்கேன்னு நாளைக்கே கேட்டு வச்சுக்கோங்க. கூட ஒருத்தரையும் கூட்டிட்டுப் போங்க.